சத்தம் போடாத அடுப்பு

இண்டக்‌ஷன் அடுப்பில் தீயே இல்லையே, பிறகு பால் எப்படிப் பொங்குகிறது?

மேலே தெரியும் கண்ணாடிக்கு அடியில் ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறைதான் அலைபாயும். அடுப்புக்குள் இருக்கும் மின்னணு சுவிட்ச் அதை 20 ஆயிரத்துக்கும் மேலே ஏற்றி, அந்தச் சுருளுக்கு அனுப்புகிறது. அதில் எழும் காந்தப்புலம் பாத்திரத்தின் இரும்பு அடியிலேயே மின்னோட்டத்தை உண்டாக்க, பாத்திரம் தானே சூடாகிவிடுகிறது.

அது என்ன 20 ஆயிரம் கணக்கு? காரணம் நம்ம காதுதாங்க! அதற்கு மேற்பட்ட அதிர்வு மனிதக் காதுக்கு எட்டாது. வேகத்தைக் குறைத்தால், சமைத்து முடிக்கும்வரை அடுப்பு ‘கீ...’ என்று கத்திக்கொண்டே இருக்கும். அப்படியானால் நமக்குக் கேட்கிற அந்த ‘உஸ்’ சத்தம்? அது உள்ளே இருக்கும் சூட்டைத் தணிக்கிற குட்டி ஃபேன்!

செல்போனை மேலே வைத்தாலே சார்ஜ் ஏறும் வயர்லெஸ் சார்ஜரும் இதே வித்தைதான், வேகம் மட்டும் இன்னும் அதிகம். போனுக்குள்ளும் ஒரு சுருள் காத்திருப்பதால், காந்தப்புலம் அங்கே மின்சாரமாகி பேட்டரிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.