பாட்டியின் சொம்பு காலியாகிறதா?

காலையில் பாட்டியின் கட்டிலருகே வைத்த சொம்புத் தண்ணீர் மாலை நான்கு மணிக்கும் அப்படியே இருக்கும். கேட்டால், "தாகமே எடுக்கலையேப்பா" என்பார். அவர் சொல்வது உண்மைதான். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும். உடம்பு வறண்டாலும் நாக்கு கேட்காது. கத்திரி வெயிலில் வாசலைத் தாண்டாத முதியவர்கூட விழுந்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம் உடல் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். சூடு ஏறினால் வியர்க்கிறது. வியர்வை காயும்போது உடம்பின் சூட்டையும் கொண்டுபோகிறது. முதியவர்களுக்கு வியர்ப்பதே குறைவு. சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்தாலும் எளிதில் காயாது. ஆகவே வேலூரைவிட இங்கே இரண்டு டிகிரி குறைவுதானே என்று இருந்துவிட முடியாது. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடென்றால் பகலெல்லாம் வாங்கிய சூடு உள்ளேயே இறங்கும்.

என்ன செய்யலாம்? "தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போகாமல், மணிக்கொரு தரம் டம்ளரைக் கையில் கொடுங்கள். நீர்மோர், கஞ்சி எதுவானாலும் சரி. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் அனல்காற்றைத்தான் வீசும். அப்போது ஈரத்துணியால் கை, கால், கழுத்தைத் துடைத்துவிட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள். கைக்குழந்தைக்கும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாது. ஐந்து நிமிட வேலைதானே என்று குழந்தையைக் காருக்குள் விட்டுப் போகவே போகாதீர்கள்.

உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தால், வலிப்போ மயக்கமோ வந்தால் அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டிருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது.

1995 ஜூலையில் சிகாகோ நகர வெயிலில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தனியே வாழ்ந்த முதியவர்கள். தமிழக அரசும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. புயல் வந்தால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறோம் அல்லவா? உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவரின் கதவை மத்தியானம் ஒருமுறை தட்டுங்கள். அவருடைய சொம்பையும் பாருங்கள்.