ஓடுவதும் ஓட்டுவதும்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தமிழாக்கம் செய்யக் கொடுத்திருந்த வாக்கியம்: ‘மை மதர் ரன்ஸ் எ ஸ்மால் ஷாப்’. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ‘என் தாய் ஒரு சிறு கடையை ஓடுகிறாள்’ என்று எழுதியிருந்தாள். அதை வகுப்பில் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு இரண்டு வாரம் ஆங்கில வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. என் பிழை எனக்கு உறைத்த பின்பே அந்தச் சொல்லை ஒழுங்காகத் தேடிப் பார்த்தேன். கிடைத்ததை இங்கே தருகிறேன்.

‘ரன்’ என்பது ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஆனால் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர், இந்த ஒரு வினைச்சொல்லோடு ஒன்பது மாதம் மல்லாடி, அதை 645 பொருள்களாகப் பிரித்தார். 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்லுக்கே முதலிடம். அதை இது முந்தி ஓடிவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் இது இரண்டு சொற்களாக இருந்தது. ‘ரின்னன்’ என்றால் தானே ஓடுதல், வழிதல். ஜெர்மன் மொழியில் ‘ரின்னன்’ இன்றும் நீர் வழிவதையே குறிக்கிறது. மற்றொன்று ‘ஏர்னன்’: ஓடச் செய்தல், குதிரையை விரட்டிச் செல்லுதல். இலக்கண வகுப்பில் நீங்கள் படிக்கும் தன்வினையும் பிறவினையும் இவைதாம். தமிழில் ‘ஓடு’, ‘ஓட்டு’ என்று இன்றும் தனித்தனியாக நிற்கின்றன. ஆங்கிலத்திலோ, கடல் கடந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் பேச்சும் சேர்ந்து, இரண்டும் கலந்து ‘ரன்’ என்ற ஒரே சொல்லாயின. ஆகவே குதிரை ஓடினாலும் ரன்; ஒருவர் பஸ் கம்பெனி நடத்தினாலும் ரன். ஆங்கிலம் ஒன்றாக்கியதை அந்தப் பிள்ளை தமிழிலும் ஒன்றாக்கிவிட்டாள், அவ்வளவே.

ஒருநாள் அவர்கள் கடைக்கே சோப்பு வாங்கப் போனேன். “வியாபாரம் எப்படிம்மா?” என்றேன். “ஏதோ ஓடுது டீச்சர்” என்றார் அவள் தாய். கடை ஓடத்தான் செய்கிறது!

நம்முடைய ‘ஓடு’ம் சளைத்ததன்று. மில் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பருத்திச் செடிக்கு ஆணிவேர் ஆழமாய் ஓடுகிறது. கோடையில் நம் கரிசல் காட்டில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் வைப்பாற்றில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் “தண்ணி ஓடுது” என்று கேட்டால் வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கப் போகிறோம். இவ்வளவுக்கும் ‘ரன்’ பொருந்தும். கணக்குத் தேர்வில் ‘ஒன்றுமே ஓடவில்லை’ என்கிறோமே, அதற்கு மட்டும் பொருந்தாது.

பொருந்தாத இடங்களில்தான் சுவை அதிகம். ஆங்கிலேயர் பள்ளிக்கூடத்தை ஓட்டுகிறார்கள், நாம் நடத்துகிறோம். அவர்கள் ஓடும் இடத்தில் நாம் நடக்கிறோம்! சளி பிடித்தால் அவர்களுக்கு மூக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது. தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார். இங்கிலாந்துக்காரர் நம்மைப் போலவே நிற்கிறார்.

ஒரு சொல்லின் பல பொருள்களைத் தொகுப்பது நமக்குப் புதிதன்று. நிகண்டுகளில் அதற்கென்றே ஒரு தொகுதி உண்டு. கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் இறைப்பணி ஆற்றிய வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றினார். நிகண்டைப் போல அதைச் செய்யுளாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அகர வரிசையில் தேடிக்கொள்ளலாம். அதன் நான்கு பகுதிகளில் முதலாவதான பெயரகராதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. இத்தாலியில் பிறந்து, முப்பது வயதளவில் தமிழ்நாட்டுக்கு வந்தவர் அவர். தொடக்கத்தில் அவரும் எத்தனை ‘கடையை ஓடுகிறாள்’ எழுதினாரோ!

காய்ச்சல் கண்டால் ஆங்கிலத்தில் நோயாளி ‘டெம்பரேச்சரை ஓட்டுகிறார்’. தமிழில் காய்ச்சல் ‘அடிக்கிறது’. வெயிலும் அடிக்கிறது, காற்றும் அடிக்கிறது, மல்லிகை மணமும் அடிக்கிறது, பள்ளி மணியும் அடிக்கிறது. இந்த ‘அடி’க்கு எத்தனை பொருள் என்று அந்த எட்டாம் வகுப்பு மாணவி நோட்டில் எழுதி வருகிறாள். நேற்று வரை முப்பத்தொன்று.