பெட்டியின் விலையும் பாட்டின் நிலையும்

பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் குடியேறும் குடும்பம் தன்னுடன் கொண்டு செல்லும் பொருள்கள் இருவகைப்படும். ஒன்று பயன் கருதியது. மற்றொன்று பற்றுக் கருதியது. ஹடப்சரில் வாழும் நம்மவருள், ஆலைகளை நாடி வந்தோரும் உளர். பின்னாளில் மகர்பட்டாவின் கணிப்பொறி அலுவலகங்களை நாடி வந்தோரும் உளர். இவ்விரு சாரார் இல்லங்களிலும் பற்றுப் பொருளாய்ப் பழைய இசைத்தட்டுகள் சில துணியில் சுற்றிப் பரண்மேல் வைக்கப்பட்டிருத்தல் கூடும்.

அத்தட்டுகளுக்கு மீண்டும் நற்காலம் பிறந்துள்ளது. 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 4 கோடிக்கு மேற்பட்ட வினைல் தட்டுகள் விற்பனையாயின. 1987க்குப் பின்னர் அங்கே குறுந்தட்டுகளின் எண்ணிக்கையை அவை விஞ்சியது அவ்வாண்டிலேதான். நம் இளைஞரும் தட்டுச்சுழற்றி வாங்கத் தலைப்பட்டுள்ளனர். வாங்கியபின் ‘எந்தப் போனோ பிரீஆம்ப் நன்றாக ஒலிக்கும்?’ என்னும் வினா எழுகின்றது. சில ஆயிரம் ரூபாயிலிருந்து பல இலட்சம் ரூபாய் வரை விலையுள்ள இப்பெட்டியின் தரத்தை ஒரு குடும்பம் எங்ஙனம் அறிவது என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் அப்பெட்டியின் தொழிலைக் காண்போம். தட்டின் பள்ளத்தில் ஓடும் முள் எழுப்பும் மின்சாரம் மிகச் சிறிது. காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் தரும். கம்பிச்சுருள் அசையும் வகை அதில் பத்தில் ஒரு பங்கே தரும். முன்னதை ஏறத்தாழ 100 மடங்கும் பின்னதை 1,000 மடங்கும் பெருக்கித் தருதல் இப்பெட்டியின் முதற்பணி.

இரண்டாவது பணி இதனினும் நுட்பமானது. தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே செதுக்கினால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தை முட்டும். ஆகவே தட்டு வெட்டும்போது அவற்றைக் குறைக்கின்றனர். உயர்ந்த ஒலிகளையோ மிகுத்துச் செதுக்குகின்றனர். திரும்ப ஒலிக்கும்போது அவற்றைத் தணித்தால் தட்டின் இரைச்சலும் உடன் தணியும். குறைத்ததைக் கூட்டியும் கூட்டியதைக் குறைத்தும் பாட்டை இயல்புக்குக் கொணர்வது பிரீஆம்பின் கடமை. 20 ஹெர்ட்ஸ் ஒலிக்கும் 20,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கும் இடையே இத்திருத்தம் ஏறத்தாழ 100 மடங்கு வேறுபடும். இதற்குரிய பொது அளவை அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலோர் சங்கம் 1954இல் வகுத்தது. இன்றும் ஆர்.ஐ.ஏ.ஏ. அளவு என்றே அது வழங்குகின்றது.

இவ்விரு பணிகளையும் செவ்வனே செய்யும் பெட்டிகள் நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. ஆதலின் நல்ல பெட்டிக்கும் மிக நல்ல பெட்டிக்கும் உள்ள வேற்றுமை சிறிதே. சிறிய வேற்றுமையை நாடும்போதுதான் செவி எளிதில் ஏமாறுகின்றது. சற்றே உரத்து ஒலிப்பதை ‘இனிது’ எனக் கருதுவது மாந்தர் இயல்பு. விலை மிகுந்தது உயர்ந்ததாகவே தோன்றும். விளம்பரத்தில் படித்த சொற்கள் பாட்டிலும் கேட்பதாய் மயக்கும்.

இம்மயக்கம் பழகிய செவிகளையும் விடுவதில்லை என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. கலிபோர்னியாவின் மொபைல் பிடலிட்டி நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகள், எண்முறைப் பதிவு கலவாமல் மூல நாடாவிலிருந்தே வெட்டப்பட்டவை எனப் பலரும் நம்பிப் போற்றி வந்தனர். அவற்றுட் பல எண்முறைப் படியின் வழியே உருவானவை என்னும் செய்தி 2022 ஜூலையில் வெளியாயிற்று. எண்முறை ஒலியைத் தம் செவியால் உடனே கண்டுகொள்வோம் என்றிருந்த அன்பர்களும் அதுகாறும் ஐயுறவில்லை. தட்டின் ஒலி நன்றாகவே இருந்தது. நம்பிக்கைதான் வேறாக இருந்தது.

ஆகவே பெட்டியைச் சோதிக்க விரும்புவோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நலம். ஒப்பிடும் இரு பெட்டிகளின் ஒலியளவையும் முதலில் சமன் செய்தல் வேண்டும். சோதனைத் தட்டிலுள்ள 1,000 ஹெர்ட்ஸ் ஓசையை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் வோல்ட்மீட்டர் கொண்டு அளத்தல் சிறந்த வழி. பின்னர், கேட்பவர் பெட்டிகளுக்கு முதுகு காட்டி அமரட்டும். வீட்டார் ஒருவர் ஓசைப்படாமல் மாற்றி மாற்றி இயக்கட்டும். பத்து முறை கேட்டு, எது எந்தப் பெட்டி எனச் சொல்லட்டும். குருட்டாம்போக்கிலே ஐந்து சரியாய் அமைந்துவிடலாம். ஒன்பதேனும் சரியாயின் வேற்றுமை உண்மை எனக் கொள்ளலாம். தற்செயலாய் அங்ஙனம் நேர்வது நூற்றில் ஒருமுறையே. ஆறு ஏழு என்ற அளவில் நின்றால், அந்த இலட்ச ரூபாயைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்குவதே அறிவுடைமை.

எத்தட்டைக் கொண்டு சோதிப்பது? நாம் நேரிற் கேட்டறிந்த ஒலிகள் உள்ள தட்டே தகுந்தது. கச்சேரித் தட்டில் மிருதங்கத்தைக் கவனியுங்கள். தாழ்ந்த ஒலி அளவுக்கு மிஞ்சினால் தொப்பியின் கும்கி பீப்பாயைத் தட்டினாற்போல் வீங்கி ஒலிக்கும். உயர்ந்த ஒலி மிஞ்சினால் வலந்தலை தகரமாகும். பாடகரின் ஸகர ஷகரங்கள் சீறும். உயர்ந்த ஒலி குன்றினால் தம்புராவின் ஜீவன் மறைந்து வெறும் ரீங்காரமே எஞ்சும். 1963இல் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத் தட்டில் ராதா விசுவநாதனும் உடன் பாடியுள்ளார். அவ்விரு குரல்களும் இணைந்து செல்லும்போதும் இரண்டாகவே கேட்கின்றனவா என்று நோக்குதல் சிறந்த சோதனை.

முள்ளைத் தட்டில் வைக்காமலே ஒலியை உயர்த்திப் பாருங்கள். ‘ம்ம்’ என்னும் முழக்கம் எழுந்தால், பெரும்பாலும் அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். தரைக்கம்பியைச் சரிவர இணைத்தலும், மின்மாற்றி உள்ள கருவிகளைத் தள்ளி வைத்தலும் அதற்கு மருந்து. தேய்ந்த முள்ளையும், ஆடி மாத ஈரத்தில் தட்டிற் பூத்த பூஞ்சையையும் எந்தப் பெட்டியும் திருத்தாது.

இதுகாறும் கூறியவை நெடுந்தட்டுகளுக்குப் பொருந்தும். நம் பரணிலுள்ளவற்றுட் சில அவற்றிற்கு முற்பட்ட 78 சுழற்சித் தட்டுகளாக இருக்கலாம். எம். கே. தியாகராஜ பாகவதரும் கே. பி. சுந்தராம்பாளும் புகழோங்கிய காலத்துத் தட்டுகள் அவை. 1954க்கு முன் பொது அளவு இன்மையால் ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவிலேயே வெட்டியது. உயர்ந்த ஒலியைச் சிறிதும் மிகுக்காமல் வெட்டிய தட்டுகள் பல. அவற்றை இன்றைய ஆர்.ஐ.ஏ.ஏ. பெட்டியில் இட்டால் என்னாகும்? மிகுக்காததையும் பெட்டி குறைத்துவிடும். 5,000 ஹெர்ட்ஸ் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு ஒலியே எஞ்சும். பாகவதரின் கணீர்க்குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதாய் மங்கும். நெடுந்தட்டின் மெல்லிய முள்ளைக்கொண்டு இயக்கினாலோ, அது அகன்ற பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலையே மிகுவிக்கும்.

இதனைக் கேட்கும் பேரக்குழந்தை, ‘தாத்தா காலத்துப் பாட்டு இவ்வளவுதானா!’ என்று எழுந்து சென்றுவிடும். நாம் பெரிதும் அஞ்சவேண்டிய இழப்பு இதுவே. தமிழ் வழங்காத் தெருவில் வளரும் குழந்தைக்கு ழகரமும் றகரமும் தெளிந்த அந்தக் காலத்துப் பாட்டு மொழிப்பயிற்சியும் ஆகும். திருத்த அளவை மாற்றும் குமிழ் உள்ள எளிய பெட்டியும், 78 தட்டுக்குரிய தடித்த முள்ளும் இவ்விழப்பைத் தடுக்கும். அக்குமிழ் இல்லாத இலட்ச ரூபாய்ப் பெட்டி இவ்வகையில் அதனினும் தாழ்ந்ததே.

ஆதலின் முதற்பணம் முள்ளுக்கும் தட்டின் தூய்மைக்கும் செல்லட்டும், அடுத்தது தரைக்கம்பிக்கு, எஞ்சியதே பெட்டிக்கு. தீர்ப்புக் கூறும்போது வீட்டிலுள்ள மூத்தோரையும் அருகில் அமர்த்துங்கள். முதுமையில் மிக உயர்ந்த ஒலிகள் செவிக்கு எட்டா என்பது உண்மை. அவற்றை இளையோர் கேட்டுச் சொல்லட்டும். கோயில் மண்டபத்திலும் சபாவிலும் ஒலிபெருக்கியின்றி ஒலித்த குரல் எத்தகையது என்பதை அறிந்தவர் மூத்தோரே. இருவரும் ஒருங்கே ‘நன்று’ எனத் தலையசைக்கும் பெட்டி எதுவோ, அதனையே விலை நோக்காது நல்ல பெட்டி எனக் கொள்வோமாக.