போர் தண்ணீரும் ஹாட் டப்பும்

திருமலையில் சுவாமி புஷ்கரிணியை ஆண்டுக்கொரு முறை, பிரம்மோற்சவத்துக்கு முன்னால், ஏறக்குறைய ஒரு மாதம் மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் புஷ்கரிணி ஆரத்தியும் கிடையாது. நீரை வடித்து, சேறு எடுத்து, பழுது பார்த்து, மறுபடி நிரப்புகிறார்கள். நீரின் பிஎச் அளவு 7 என்ற நிலையில் இருக்க வேண்டும் என்பதும் தேவஸ்தானத்தின் கணக்கில் உண்டு. அவ்வளவு பெரிய குளத்துக்கே அப்படியென்றால், திருப்பதியிலோ சித்தூரிலோ வீட்டு மாடியில் ஹாட் டப் என்னும் வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவரின் பாடு இன்னும் கடினம். அங்கே தண்ணீர் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு லிட்டர்தான். அதில் நாலு பேர் வியர்வையோடும் எண்ணெயோடும் இறங்கினால் குளோரின் வேகமாகத் தீர்ந்துபோகும். சூடும் தன் பங்குக்கு அதைக் குறைக்கும்.

குளோரினை விட முதலில் பார்க்க வேண்டியது பிஎச். நீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கும். கிருமியைக் கொல்வதில் வல்லது ஹைப்போகுளோரஸ் அமிலம்; மற்றது சோம்பேறி. பிஎச் 7-இல் ஏறக்குறைய முக்கால் பங்கு வல்ல வடிவம். 7.5-இல் பாதி. 8-ஐத் தொட்டால் கால் பங்குதான். குளோரினை எவ்வளவு கொட்டியும் தண்ணீர் கலங்குகிறதே என்று புலம்புகிறவர்கள் பிஎச்சைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு வம்பு உண்டு. யாரும் எதையும் போடாமலே ஹாட் டப்பில் பிஎச் ஏறும். குமிழிகள் கொப்பளிக்கும்போது நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதுதான் காரணம்.

சித்தூர்ப் பக்கம் கருங்கல் பூமி. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாகத்தான் இருக்கும். கீசர் கம்பியில் படியும் வெள்ளை ஓட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். அந்த ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் நேர் எதிர், சூடேறினால் படிந்துவிடும். பிஎச்சும் ஏறினால் ஹீட்டரும் ஜெட் துளைகளும் அடைபடும். குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. உங்கள் போர் தண்ணீரைச் சோதித்துவிட்டு நிரப்புங்கள். இந்தத் தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அதிலும் கால்சியம் இருக்கிறது. சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் மேல். கடினத்தன்மைக்குப் பயந்து முழுக்க ஆர்ஓ நீரை ஊற்றினால் உலோகம் அரிக்கும். போர் தண்ணீரையும் ஆர்ஓ நீரையும் கலப்பதே என் யோசனை.

அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்லும் அளவு: பிஎச் 7.0 முதல் 7.8, குளோரின் குறைந்தது 3 பிபிஎம், வெப்பம் 40 டிகிரி செல்சியசுக்குள். குளோரின் குறைந்தால் சூடோமோனாஸ் கிருமியால் தோலில் தடிப்பு வரும். நீராவித் துளியோடு லெஜியோனெல்லா நுரையீரலுக்கும் போகலாம். மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' வந்தால் குளோரின் கூடிவிட்டதென்று நினைக்காதீர்கள். அது வியர்வையோடு சேர்ந்து உருவான குளோராமினின் வாடை. அப்போது குளோரினைக் கூட்டத்தான் வேண்டும்.

பிஎச் தாறுமாறாக ஆடினால் முதலில் காரத்தன்மையைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் சமையல் சோடா போதும். பிஎச்சைக் குறைக்க அமிலம் ஊற்றும்போது மட்டும் கவனம்: அமிலத்தையும் குளோரினையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. எழும் வாயு உயிருக்கே ஆபத்து. ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளைத் தொட்டியில் இறக்காதீர்கள்.