பத்து வெற்றிக்கு அடியில் இருந்த ஓட்டை

பிலடெல்பியாவில் 2025 பிப்ரவரியில் எங்கே திரும்பினாலும் பச்சை ஜெர்சிதான். பிப்ரவரி 9-ம் தேதி நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌலில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று ஈகிள்ஸ் அணி புரட்டிப் போட்டது. 14-ம் தேதி பிராட் ஸ்ட்ரீட்டில் வெற்றி ஊர்வலம். எங்க ஆபீஸில் பாதிப் பேர் லீவு, மீதிப் பேர் வேலை செய்வது போல நடிப்பு. வெற்றியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய 2023 சீசனைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது. நம்ம ஆட்கள் ஆரம்பத்தில் கொண்டாடிவிட்டு, பிறகு பேசாமலே விட்ட ஒரு மனிதர் அந்தக் கதையில் இருக்கிறார்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு அணி சீசனுக்கு 17 லீக் ஆட்டம்தான் ஆடும், பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. அதனால் ஒவ்வொரு தோல்வியும் ஒரு வாரம் முழுக்க வலிக்கும். அட்டாக் ஆடுகிறவர்கள் வேறு, டிஃபென்ஸ் ஆடுகிறவர்கள் வேறு. ஒவ்வொரு முறை பந்து நின்றதும், அடுத்து யார் எங்கே நிற்க வேண்டும், யாரை யார் பிடிக்க வேண்டும் என்று ஓரத்திலிருந்தோ மேலே இருக்கும் அறையிலிருந்தோ ஒருத்தர் முடிவு பண்ணுவார். அது ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். டிஃபென்ஸுக்கு அந்த வேலையைச் செய்பவர்தான் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். ஹெட் கோச்சுக்கு அடுத்தபடியாக அதிகம் திட்டு வாங்குகிற நாற்காலி அது.

2023 பிப்ரவரியில் ஈகிள்ஸ் சூப்பர் பௌலில் இதே சீஃப்ஸிடம் 38-35 என்று தோற்றது. அந்த வாரமே இரண்டு கோஆர்டினேட்டர்களும் வேறு அணிகளுக்கு ஹெட் கோச்சாகப் போய்விட்டார்கள். ஷேன் ஸ்டைக்கன் இண்டியானாபொலிஸுக்கு, ஜொனாதன் கேனன் அரிசோனாவுக்கு. அட்டாக்குக்கு உள்ளே இருந்த பிரையன் ஜான்சனையே உயர்த்தினார்கள். டிஃபென்ஸுக்கு வெளியிலிருந்து வந்தவர் ஷான் தேசாய்.

தேசாய் யார் என்று தெரிந்ததும் எங்கள் கிங் ஆஃப் பிரஷியா பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே அமர்க்களம். என்.எஃப்.எல்-லில் கோஆர்டினேட்டர் ஆன முதல் இந்திய வம்சாவளிக்காரர் அவர், 2021-ல் சிகாகோ பேர்ஸில். அதோடு இந்த ஊர் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர், அங்கேயே கோச்சாகவும் இருந்தவர். டெம்பிள் இருப்பது பிராட் ஸ்ட்ரீட்டின் வடக்கே, ஈகிள்ஸ் மைதானம் அதே தெருவின் தெற்குக் கோடிக்குப் பக்கத்தில். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்துவிட்டார் என்று ஒருத்தர் போட்ட மெசேஜுக்கு நாற்பது கைதட்டல். தேசாய் என்ற பேரில் நம்மாளு எங்கே வந்தார் என்று கேட்காதீங்க. அமெரிக்காவுக்கு வந்துவிட்டால் விந்திய மலையெல்லாம் கணக்கில் வராது. பிள்ளைகளை டாக்டராக்கு, இன்ஜினியராக்கு என்று ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சமூகத்துக்கு, ஒருத்தர் முனைவர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஃபுட்பால் மைதானத்தில் நிற்பது பெரிய விஷயமாகத்தான் பட்டது.

ஆனால் அவர் கைக்கு வந்த டிஃபென்ஸ் முந்தைய வருஷத்து டிஃபென்ஸ் இல்லை. ஜேவான் ஹார்கிரேவ், சி.ஜே. கார்ட்னர்-ஜான்சன், டி.ஜே. எட்வர்ட்ஸ், கைசீர் வைட், மார்கஸ் எப்ஸ் என்று வரிசையாக ஆட்கள் போய்விட்டார்கள். பந்து எறிவதற்கு முன்பே எதிரணி குவார்ட்டர்பேக்கை மடக்கித் தள்ளுவதை சாக் என்பார்கள். 2022-ல் ஈகிள்ஸ் எடுத்தது 70 சாக். 2023-ல் அது 43. மிச்சம் இருந்தவர்களில் முக்கியமான சிலர் முப்பதைத் தாண்டியவர்கள், சிலர் காயத்தில்.

இருந்தும் நவம்பர் கடைசியில் அணியின் கணக்கு 10 வெற்றி, 1 தோல்வி. லீக்கிலேயே முதலிடம். இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன். அந்தப் பத்து வெற்றிகளில் ஏழு, 7 புள்ளி அல்லது அதற்கும் குறைவான வித்தியாசத்தில் வந்தவை. வாஷிங்டன் இரண்டு முறையும் 31 புள்ளி அடித்தது. கான்சஸ் சிட்டியில் 21-17 என்று ஜெயித்த ஆட்டத்தில், கடைசி நேரத்தில் எதிரணி வீரர் கைக்குள் வந்த பந்தைத் தவறவிட்டார். பஃபலோவுக்கு எதிராக ஜேக் எலியட் கொட்டும் மழையில் 59 யார்டிலிருந்து உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 37-34. எல்லாமே பிரமாதம்தான், பார்க்கப் பார்க்கப் பரவசம். ஆனால் வாராவாரம் எலியட் 59 யார்டு உதைப்பார் என்று எந்த ஹெட் கோச்சும் திட்டம் போட முடியாது.

அப்போது எங்க அம்மா கும்பகோணத்திலிருந்து ஆறு மாசம் இருக்க வந்திருந்தார்கள். ஆட்டத்தின் விதி ஒன்றுகூடத் தெரியாது. பஃபலோ ஆட்டம் முடிந்து பேட்டி ஓடும்போது, "ஏன்டா தம்பி, இவங்க ஜெயிச்சாங்களா தோத்தாங்களா? எல்லாரும் துக்க வீட்டுல உக்காந்த மாதிரி இருக்காங்க" என்றார்கள். குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் சாதாரணமாகவே சிரிக்க மாட்டார் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் ஜெயித்த பிறகும் நம் தரத்துக்கு ஆடவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த வருஷம் உண்மை. ஜெயிக்கிற அணியில் அதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

டிசம்பர் 3. சான் பிரான்சிஸ்கோ இங்கேயே வந்து 42-19 என்று அடித்தது. தொடர்ந்து ஆறு முறை பந்து கைக்கு வந்து ஆறு முறையும் டச் டவுன். அடுத்த வாரம் டல்லஸில் 33-13. இரண்டே வாரத்தில் ஊர் தலைகீழாக மாறிவிட்டது. ரேடியோவில் ஃபோன் போட்டுத் திட்டுவது இந்த ஊரின் குடிசைத் தொழில். யாராவது ஒருத்தர் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்போதும் அணி 10-3. சியாட்டில் ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்தி கசிந்தது: இனி டிஃபென்ஸை வழிநடத்தப் போவது மேட் பட்ரீசியா. தேசாய் வேலையை விட்டுத் தூக்கப்படவில்லை. பதவியின் பேர் அப்படியே இருந்தது, ஹெட்செட்டில் பேசும் வேலை மட்டும் போய்விட்டது. முடிவு தன்னுடையது என்றார் ஹெட் கோச் நிக் சிரியானி. அதில் ஒரு குத்தல்: சியாட்டில்தான் தேசாய் முந்தைய வருஷம் வேலை பார்த்த அணி.

பட்ரீசியா லேசுப்பட்டவர் இல்லை. ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கோச்சிங்குக்கு வந்தவர். நியூ இங்கிலாந்தில் சூப்பர் பௌல் மோதிரங்கள் வாங்கியவர். ஆனால் பிலடெல்பியாவுக்கு அவரை வேறு மாதிரி ஞாபகம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் ஈகிள்ஸ் முதல் சூப்பர் பௌலை ஜெயித்தபோது 41 புள்ளி விட்டுக்கொடுத்தது அவருடைய டிஃபென்ஸ்தான்.

மாற்றத்தால் என்ன நடந்தது என்று ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். தேசாய் நடத்திய 13 ஆட்டங்களில் எதிரணிகள் அடித்தது 321 புள்ளி, ஆட்டத்துக்குச் சராசரியாக 24.7. பட்ரீசியா நடத்தியவை, பிளே-ஆஃபையும் சேர்த்து, 5 ஆட்டம். அதில் விட்டது 139, சராசரி 27.8. அதுவும் யாரிடம்? சியாட்டிலில் மாற்று குவார்ட்டர்பேக் ட்ரூ லாக் கடைசி நிமிஷங்களில் 92 யார்டு நடத்தி வந்து, 28 வினாடி மிச்சம் இருக்கும்போது ஜெயித்தார். டிசம்பர் 31-ல் அதுவரை மூன்றே ஆட்டம் ஜெயித்திருந்த அரிசோனா, இங்கேயே வந்து இரண்டாம் பாதியில் மட்டும் 29 புள்ளி எடுத்து 35-31 என்று முடித்தது. ஓரத்தில் நின்று சிரித்தவர் பழைய கோஆர்டினேட்டர் கேனன். அடுத்த வாரம் நொண்டிக்கொண்டிருந்த நியூயார்க் ஜயண்ட்ஸிடம் 27-10. ஜனவரி 15-ல் டாம்பாவில் 32-9 என்று சீசன் முடிந்தது. அந்த ஆட்டத்தில் ஆளைப் பிடிக்கப் போய் வெறும் காற்றைப் பிடித்த காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு, அதை எந்தக் கோச்சும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது என்று புரியும்.

தேசாய் மேல் தப்பே இல்லை என்று நான் வக்காலத்து வாங்க வரவில்லை. 42-ம் 33-ம் அவர் கணக்கில்தான் இருக்கின்றன. அவர் இந்தியர் என்பதால்தான் இப்படிச் செய்தார்கள் என்று முடிச்சுப் போடவும் மாட்டேன், அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் கிடையாது. பிரையன் ஜான்சனின் அட்டாக்கும் அதே வேகத்தில்தான் சரிந்தது. முதல் 11 ஆட்டத்தில் சராசரி 28 புள்ளிக்கு மேல் அடித்தவர்கள், கடைசி 6 லீக் ஆட்டத்தில் 20.5. ஹர்ட்ஸ் முந்தைய வருஷம் எறிந்து பறிகொடுத்த பந்து 6, இந்த வருஷம் 15. எதிரணி கூட்டமாகப் பாய்ந்து வந்தால் என்ன செய்வது என்பதற்கு அட்டாக்கிடம் பதிலே இல்லை. இரண்டு பக்கமும் வீடு ஒழுகும்போது ஒரு பக்கத்து ஓட்டை மட்டும் மாற்றி, அதையும் நடு மழையில் மாற்றினார்கள் என்பதுதான் என் குறை.

ஐ.டி.யில் இருக்கிறவர்கள் இதைப் படிக்கும்போது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நினைப்பீர்கள். நான் பார்த்த ஒரு புராஜெக்டில், ரிலீஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இப்படித்தான் நடந்தது. எங்கள் லீட், ஒரு மதுரைக்காரர், டைட்டில் அப்படியே இருக்க, கிளையன்ட் கால்களிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டார். புதிதாக வந்தவர் கெட்டிக்காரர்தான், ஆனால் கோடு எங்கே எப்படி உடையும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் பக்கத்து கியூபிக்கிளில் வாய்மூடி உட்கார்ந்திருந்தார். ரிலீஸ் என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மறக்காதது மதிய சாப்பாட்டு நேரம்தான். "வேலையை விட்டுத் தூக்கியிருந்தாக்கூட ஊருக்கு ஃபோன் போட்டுச் சொல்லியிருப்பேன் தம்பி. இதை என்னன்னு சொல்றது?" என்றார் அந்த அண்ணன். விசாவில் இருக்கிறவருக்கு, பேர் மட்டும் மிச்சம் இருக்கிற வேலையைத் தூக்கி எறியவும் முடியாது.

என் பையனுக்கு ஒன்பது வயசு, இங்கேயே பிறந்தவன். சியாட்டில் ஆட்டம் அன்று கேட்டான்: "அப்பா, அவரை ஃபயர் பண்ணிட்டாங்களா?"

"இல்லடா, இருக்காரு."

"அப்புறம் ஏன் வேற ஆள் சொல்றாரு?"

பதில் சொல்லத் தெரியாமல், தூங்கப் போடா என்று அனுப்பினேன். வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு யாரும் எதுவும் எழுதவில்லை. பொங்கல் விழாவுக்கு யார் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருவது என்ற பட்டியல்தான் ஓடியது.

சீசன் முடிந்ததும் அணி முதலாளி ஜெஃப்ரி லூரி சிரியானியை வைத்துக்கொண்டார். இரண்டு கோஆர்டினேட்டர்களும் வெளியே, பட்ரீசியாவும் வெளியே. டிஃபென்ஸுக்கு வந்தவர் விக் ஃபாஞ்சியோ. அவர் யார்? சிகாகோவில் தேசாய் உதவிக் கோச்சாக இருந்தபோது டிஃபென்ஸை நடத்திய பெரியவர். தேசாய் தொழில் கற்ற இடத்துக்கே அணி போய் நின்றது. பாணியில் தப்பு இல்லை என்று அணியே ஒத்துக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது.

ஃபாஞ்சியோவுக்கு தேசாய்க்குக் கிடைக்காதது கிடைத்தது. டிராஃப்டின் முதல் இரண்டு சுற்றிலும் இளம் வீரர்கள் குவின்யான் மிட்செல், கூப்பர் டெஜீன். வெளியிலிருந்து ஜாக் பான். அட்டாக்குக்கு சேக்வான் பார்க்லி வந்து 2,005 யார்டு ஓடினார். அப்படியும் 2024 சீசன் 2-2 என்றுதான் தொடங்கியது, சிரியானியைத் தூக்கு என்று மைதானத்தில் கத்தினார்கள். இந்த முறை யாரும் நடுவில் கை வைக்கவில்லை. 14-3 என்று முடித்தார்கள். லீக்கிலேயே குறைந்த யார்டு விட்ட டிஃபென்ஸ் அதுதான்.

தேசாய் 2024-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு மூத்த டிஃபென்ஸ் உதவியாளராகப் போனார். 2025 ஜனவரி 19-ல் அதே ராம்ஸ் பிளே-ஆஃப் ஆட வந்தது இந்த ஊருக்குத்தான். நல்ல பனிப்பொழிவு. ராம்ஸ் டிஃபென்ஸ் ஹர்ட்ஸை ஏழு முறை சாக் செய்தது. ஈகிள்ஸ் 28-22 என்று தப்பிப் பிழைத்தது. பார்க்லி பனியில் 78 யார்டு ஓடியபோது பையன் சோபாவில் ஏறிக் குதித்தான். டிவியில் ராம்ஸ் பக்கத்துக் கோச்சுகளைக் காட்டும்போதெல்லாம் நான் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.