இம்முறை நூதனசாலைக்கு

எமது மாதர் சங்கத்தின் வருடாந்தப் பயணம் பெரும்பாலும் ஏதாவது கோயிலுக்காகவே இருக்கும். இம்முறை யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலைக்குப் போகலாம் என்று சொன்னேன்.

"உடைஞ்ச சட்டி பானை பாக்கவோ பிள்ளை? எங்கட வீட்டிலயே ஒண்டும் மிஞ்சேல்லை" என்றார் ஓர் அம்மா.

நியாயமான கேள்வி. 1990இல் தீவுப்பகுதியை விட்டு ஓடியபோது காணி உறுதியையும் கல்யாணப் படத்தையும் கைவிட்டவர்கள் எம்மிடையே பலர். அவர்களே இதைப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். கந்தரோடையில் எடுத்த பழைய பொருட்கள் அங்கே உண்டு. சிதைந்த புத்தர் சிலைகளும் உண்டு. ஒரு வீட்டு அடுப்பில் ஏறிய பானையின் ஓடுதான் இன்று அங்கே ஓர் ஊர் இருந்ததற்குச் சாட்சி.

ஆனால் தொடக்கம் நயினாதீவில். நாகபூஷணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கும்பிட்டுவிட்டு அதைக் கவனிக்காமலே திரும்புகிறோம். அது முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதுபற்றிய கட்டுரையை வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அது. ஊராத்துறை வேறெங்கும் இல்லை, எமது ஊர்காவற்றுறைதான். யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கப்பலென்றால் சரிபாதி.

இதை நான் விளக்கியபோது, கணவனின் வள்ளத்தையும் வலையையும் யுத்தத்தில் இழந்து, இழப்பீட்டுக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய ஒரு சகோதரி இடைமறித்தார். "அப்ப, உடையவருக்குப் பங்கு குடுக்கோணுமெண்டு அந்தக் காலத்திலயே கல்லில வெட்டியிருக்கினம்?" அதற்குப் பிறகு பயணம் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை.

ஆகவே முதலில் ஒரு ஞாயிறு நயினாதீவு. அடுத்த மாதம் யாழ்ப்பாணம். மாரிக் கடலுக்கு முன் இரண்டையும் முடிக்கவேண்டும். நெடுந்தீவுப் பெண்கள் காலைப் படகில் குறிகட்டுவானில் இறங்கி எம்முடன் பஸ் ஏறுவார்கள். திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவு தங்க உறவினர் வீடு பார்த்து வைத்துள்ளோம். நூதனசாலை நாவலர் மண்டபத்துக்குப் பின்னால் இருப்பதால் புதிதாகப் போகிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். மூடும் நாளையும் முன்கூட்டியே விசாரிக்கவேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறோம். பிள்ளைகளுக்கு ஒரு கொப்பியும் பென்சிலும். அங்குள்ள திமிங்கில எலும்பைத்தான் முதலில் வரைவார்கள்.