யோபுவின் மரத்தில் தொங்கிய வாத்தியங்கள்

ராவணன் சீதையைக் கவர்ந்து போகும் இடத்தை எழுதுகிறவர் ‘தூக்கிச் சென்றான்’ என்ற இரண்டு சொல்லில் கடந்துவிடலாம். வரைகிறவருக்கு அந்த வசதி கிடையாது. வால்மீகியில் ராவணன் ஒரு கையால் சீதையின் கூந்தலையும் மறு கையால் தொடைகளையும் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தீண்டாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். ரவி வர்மா 1906-இல் தீட்டிய ஜடாயு வதத்திலோ சீதை ராவணனின் பிடியில் இருக்கிறாள். குழந்தைகளுக்கு ஒரு சின்ன ராமாயணக் கதைப் புத்தகம் போட நினைப்பவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். விவிலியக் கதையிலும் இதே நிலைமைதான். குழந்தை இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் மூவர் என்று வழங்கிவிட்டது. எழுத்தில் ‘ஞானிகள்’ என்று நிறுத்திக்கொள்ளலாம். படத்தில் தலைகளை எண்ணித்தான் போட முடியும்.

மூல நூல் திறந்து விட்டிருக்கும் இடத்தையெல்லாம் படம் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே வேதக் கதைகளை வைத்துச் செய்யும் படப் புத்தகத்தில் படமும் ஓர் உரைதான் என்பது என் வாதம். சொந்தச் செலவில் புத்தகம் போடுபவர்கள் பலர் கதையை எழுதி முடித்து, பக்கங்களைக் கட்டி, அச்சகத்தில் விலை பேசிவிட்டு, மிச்சமிருக்கும் காசுக்கு ‘நாலு படம்’ கேட்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதல் செலவும் முதல் யோசனையும் ஓவியத்துக்குப் போக வேண்டும். பதிப்பகம் ஏதும் குறுக்கே நிற்காத சொந்த வெளியீட்டில் இது எளிதாகக் கைகூடும்.

இதற்கு நான் காட்டக்கூடிய மிக நல்ல சான்று இருநூறு ஆண்டு பழையது. லண்டனில் வாழ்ந்த கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக், விவிலியத்தில் வரும் யோபுவின் கதையை 21 செதுக்கோவியங்களாகவும் ஒரு தலைப்புப் பக்கமாகவும் செய்து 1826-இல் வெளியிட்டார். வெளியிட்டவர் பெயராகத் தகடுகளில் தம் பெயரையும் வீட்டு முகவரியையுமே பொறித்தார். பணம் போட்டவர் வயதில் இளைய ஓவிய நண்பர் ஜான் லின்னெல். 1823 மார்ச்சில் இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தப்படி தகடு ஒன்றுக்கு 5 பவுண்டு, 20 தகடுகளுக்கு 100 பவுண்டு; லாபம் வந்தால் அதிலிருந்து இன்னும் 100. பதிப்பாளரின் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை பிளேக் ஏற்கெனவே அனுபவித்திருந்தார். 1805-இல் ராபர்ட் குரோமெக் என்பவர் ராபர்ட் பிளேயரின் ‘கல்லறை’ என்ற கவிதைக்குப் படங்கள் கேட்டார். பிளேக் வரைந்து கொடுத்தார். அவற்றைச் செதுக்கும் வேலையோ, சந்தைக்கு இன்னும் பிடித்தமான பாணி கொண்ட ஷியவோனெட்டி என்ற இன்னொருவருக்குப் போனது. 1808-இல் புத்தகம் வந்தபோது அதில் பிளேக்கின் கற்பனை இருந்தது, அவருடைய கைக்கோடு இல்லை.

யோபு புத்தகத்தில் கற்பனை, கோடு, எழுத்து மூன்றும் ஒரே கையிலிருந்து வந்தன. முதல் படத்தில் யோபுவும் மனைவியும் மரத்தடியில் மடியில் புத்தகங்களோடு அமர்ந்து ஜெபிக்கிறார்கள்; சுற்றிலும் பிள்ளைகள் மண்டியிட்டிருக்கிறார்கள்; தலைக்கு மேலே கிளைகளில் இசைக்கருவிகள் வாசிப்பாரின்றித் தொங்குகின்றன. எல்லாத் துன்பமும் கடந்த கடைசிப் படத்தில் அதே குடும்பம் அதே மரத்தடியில் எழுந்து நின்று அந்தக் கருவிகளை வாசிக்கிறது. யோபுவின் நூலில் இந்த மரமும் இல்லை, அதில் தொங்கும் வாத்தியங்களும் இல்லை. செல்வத்தை இழந்து இருமடங்காகத் திரும்பப் பெற்றவனின் கதையை, ஏட்டைப் பிடித்து வழிபட்டவன் உயிரால் வழிபடக் கற்ற கதையாக பிளேக் வாசித்தார். அந்த வாசிப்பு முழுவதையும் வாத்தியங்களின் இடமாற்றம் ஒன்றே சொல்லிவிடுகிறது. யோபு தன் மூன்று மகள்களுக்கும் சகோதரர்களோடு சொத்தில் பங்கு கொடுத்தான் என்கிறது மூலம். கடைசிக்கு முந்திய படத்தில் பிளேக் அந்த மகள்களை அருகே உட்கார வைத்து, சுவரோவியங்களைக் காட்டித் தன் கதையைச் சொல்லும் தகப்பனாக அவனை வரைந்தார். கதையை எழுதி முடித்தபின் ‘நாலு படம்’ கேட்டு இதை யாரும் வாங்கிவிட முடியாது.

மூலத்தில் இல்லாததைச் சேர்க்க நீ யார் என்று பக்தர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பர்ணசாலையோடு சீதையைப் பெயர்த்த கம்பனை நாம் போற்றுகிறோம் என்பது பாதிப் பதில். எல்லாரும் கம்பர் இல்லை. மீதிப் பதிலை பிளேக்கின் பக்கங்களிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அவர் விவிலிய வசனங்களைப் பொறித்து வைத்தார். வாசகர் கண்ணை ஓரத்துக்கும் நடுவுக்கும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்று புத்தகம் போடுபவர் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்புக்காவது இடம் ஒதுக்க வேண்டும்: இந்தக் கதை இந்த நூலின் இந்தப் பகுதியிலிருந்து எடுத்தது, இன்னின்ன என் கற்பனை. லட்சுமணன் கிழித்த கோடு வால்மீகியில் இல்லை என்பது பெரியவர்களில் பலருக்கே தெரியாது. குழந்தைக்கு அதைச் சொல்லிவிட்டால் கதையின் சுவை குறையாது, நம்பிக்கை கூடும். கூடவே, அந்த நூலில் தேர்ந்த ஒருவரையும் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் ஒருவரையும் அச்சுக்கு முன் படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பதிப்பகத்தில் ஓர் ஆசிரியர் செய்திருக்கும் வேலை இது. சொந்தமாகப் போடும்போது அந்தப் பொறுப்பு தானாகக் காணாமல் போய்விடாது.

படம் குழந்தையின் கற்பனையைக் கட்டிப்போடாதா என்பது இன்னொரு கேள்வி. படமே பார்க்காத குழந்தையிடம் நாம் பேசினால் இந்தக் கவலைக்கு அர்த்தம் உண்டு. காலண்டரும் தொலைக்காட்சித் தொடரும் ராமனுக்கும் இயேசுவுக்கும் முகம் கொடுத்து நெடுங்காலம் ஆகிவிட்டது. பழகிய முகமா, யோசித்து வரைந்த முகமா என்பதே நம் முன்னிருக்கும் தேர்வு. கணினியிடம் சொன்னால் நொடியில் படம் தருகிறதே என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அது ஏற்கெனவே புழங்கும் படங்களிலிருந்து கற்றது. விட்டால் மூன்று ஞானிகளையே திரும்பத் திரும்பத் தரும். எத்தனை பேர், என்ன உடை, யார் முகத்தில் களைப்பு என்று யோசிக்கும் வேலையை மனிதர்தான் செய்ய வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிளேக்கின் யோபு மெதுவாகத்தான் விற்றது. எதிர்பார்த்த லாபம் வரவில்லை. லின்னெல் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேலும் தாமாகவே கொடுத்தார். 1827 ஆகஸ்டில் பிளேக் இறந்துபோனார். வருமானத்தை நம்பி இந்த வேலையில் இறங்குவது தவறு. இதே காரணத்தால்தான் பிரதிகளைக் குறைத்து ஓவியருக்குக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறேன். ஆப்செட் அச்சில் 300 பிரதி போட்டாலும் 3000 போட்டாலும் பிளேட் செலவு ஒன்றுதான், ஆகவே எண்ணிக்கை ஏற ஏற ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். அந்தக் கணக்கில் மயங்கி ஆயிரக்கணக்கில் அடித்து வீட்டுப் பரணில் ஏற்றியவர்கள் உண்டு. டிஜிட்டல் அச்சில் நூறு பிரதி மட்டும் போட்டு, தீர்ந்தபின் மறுபடி போடலாம். அடக்கவிலை கூடும், பணம் முடங்காது. 16-இன் மடங்கில் 32 பக்கம், நடுவில் பின் அடித்த கட்டு என்பது தொடக்கத்துக்குப் போதுமான அளவு.

சட்டத்தில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்திய அரசின் முகமை கட்டணமின்றித் தருகிறது. தனிநபரும் கேட்டுப் பெறலாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். இதிகாசங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகாத உரைநடை, மொழிபெயர்ப்பு, ஓவியம் எதையும் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. ரவி வர்மாவின் ஓவியங்களை எடுக்கலாம், நேற்றைய காலண்டர் படத்தை எடுக்கக் கூடாது. ஓவியரோடு செய்துகொள்ளும் ஏற்பாட்டை எழுத்தில் வைத்துக்கொள்வது மிக முக்கியம்: எவ்வளவு தொகை, எத்தனை திருத்தம், மறுபதிப்புக்குப் பங்கு உண்டா, அசல் ஓவியம் யாரிடம் இருக்கும். ஓவியர் பெயர் அட்டையில் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். அச்சுக்குத் தயாரான கோப்புகளைப் புத்தகம் போடுபவர் அச்சகத்திலிருந்து கேட்டு வாங்கித் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். யோபுவின் செப்புத் தகடுகளை லின்னெல் பத்திரமாக வைத்திருந்ததால்தான், பிளேக் மறைந்து அரை நூற்றாண்டை நெருங்கிய 1874-இல் அவற்றிலிருந்து மறுபடி பிரதிகள் எடுக்க முடிந்தது.